ராமேஸ்வரத்துல இன்னைக்கு எந்தக் கடல்?



விடுமுறை வந்தாச்சு. பிள்ளைங்க "கடலுக்குப் போலாம்"னு ஆரம்பிச்சிருப்பாங்க. அந்தப் பயணத்தில் என்னவெல்லாம் செய்யலாம், உங்க கையில் இருக்கிற செல்போன் அதுக்கு எப்படி உதவும் என்பதைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப்போறேன். தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதையும் ஒரே பேச்சில் சுற்றி வந்தால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. அதனால் ராமநாதபுரம் மாவட்டத்தை மட்டும் எடுத்துக்கறேன். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி, அதுக்கப்புறம் ரோடு முடியற அரிச்சல்முனை.

ஏன் இந்த ஊர்ன்னா, வேற எங்கேயும் கிடைக்காத ஒரு வசதி இங்கே இருக்கு. ஒரே தீவுக்கு இரண்டு கடல். வடக்குப் பக்கம் பாக் விரிகுடா, தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா. ஊர்க்காரங்க வடகடல், தென்கடல்னு சொல்வாங்க. பெண் கடல், ஆண் கடல்னும் ஒரு பேச்சு உண்டு. அமைதியா இருக்கிறது பெண் கடல், அலையடிக்கிறது ஆண் கடல். (பெண்களிடம் கேட்டுப் பெயர் வைத்திருந்தால் மாற்றி வைத்திருப்பாங்களோ என்னவோ!)

வெளியூர்க்காரங்க இதைக் கேட்டுட்டு, "சரி, வடகடல்ல எப்பவும் இறங்கலாம், தென்கடல்ல எப்பவும் இறங்கக் கூடாது"ன்னு மனப்பாடம் பண்ணிக்கறாங்க. அது பாதிதான் உண்மை. மே மாதம் நடுவில் இருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். அப்போ தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். அக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று திரும்பிட்டா நிலைமை தலைகீழ். வடகடல் சீறும், தென்கடல் அடங்கிடும். மீனவர்கள் படகை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாற்றுவதே இதை வைத்துத்தான். அதனால் இங்கே போய் இறங்கினதும் நீங்க முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நல்ல ஓட்டல் எங்கே இருக்கு?" இல்லை. "இன்னைக்கு எந்தக் கடல் நல்லா இருக்கு?" ஆட்டோ ஓட்டுபவர், டீக்கடைக்காரர், வலை பின்னிட்டு இருக்கிற பெரியவர், யாரைக் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் பதில் வந்துடும். அந்தப் பதிலை வைத்து அன்றைய திட்டத்தைப் போடுங்க. ஒரு பக்கம் சரியில்லைன்னா இன்னொரு பக்கம் இருக்கு. விடுமுறை வீணாகாது.

ஆனா உள்ளூர்க் கண்ணுக்கும் தெரியாத ஒன்று இருக்கு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும்.

2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஒன்றில் மருத்துவம் படித்த ஐந்து இளைஞர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்துபோனாங்க. அன்றைக்குப் புயல் இல்லை. கடலில் ஏற்பட்ட மாற்றத்துக்குப் பெயர் கள்ளக்கடல். திருடன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால் அந்தப் பெயர். பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கேயோ பலமான காற்று வீசும். அது கிளப்பிவிட்ட அலை நாள்கணக்கில் பயணம் செய்து நம்ம கரைக்கு வரும். இங்கே வெயில் அடிக்கும், காற்றே இருக்காது. கொஞ்ச நேரம் சாதாரணமா இருந்த தண்ணீர் திடீர்னு உயர்ந்து உள்ளே வந்து, போகும்போது ஆளைக் கூட்டிட்டுப் போகும்.

வானத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. செல்போனைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஐதராபாத்தில் மத்திய அரசின் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இருக்கு, சுருக்கமா இன்காய்ஸ். கடல் எப்படி இருக்கும்னு முன்கூட்டியே கணித்துச் சொல்வது அவங்க வேலை. கள்ளக்கடல், உயர் அலை, சுனாமி எல்லாவற்றுக்கும் அங்கிருந்து எச்சரிக்கை வரும். அந்த மே மாதமும் எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. அது கரையில் நிற்கிறவங்க கைக்கு வந்து சேரணும், அதுதான் விஷயம். இன்காய்ஸின் "சமுத்ரா" செயலியை இறக்கி வைச்சுக்கோங்க. நம்ம மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் "டிஎன் அலர்ட்" செயலியும் இருக்கட்டும். வானிலை எச்சரிக்கை தமிழிலேயே வரும். கிளம்புவதற்கு முந்தைய நாள் ராத்திரி ஒரு தடவை, கடற்கரைக்குப் போகும் காலையில் ஒரு தடவை பாருங்க. ராமநாதபுரம் என்ற பெயர் பக்கத்தில் ஆரஞ்சு, சிவப்பு நிறம் இருந்தால் அன்றைக்குக் கடலைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. கால் நனைப்பதும் வேண்டாம். கள்ளக்கடல் நேரத்தில் கால் நனைக்க நின்றவங்களைத்தான் அது முதலில் இழுக்கும்.

இன்னொரு ஆபத்து, எல்லாக் கடற்கரையிலும் உள்ளது. கரையில் வந்து மோதும் தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக ஒரு வழி தேடும். இரண்டு மணல் மேட்டுக்கு நடுவில் ஒரு பள்ளம் இருந்தால், மொத்தத் தண்ணீரும் அந்தச் சந்து வழியாகக் கடலுக்குள் ஓடும். மேலே இருந்து பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் அலை உடையாது. நிறம் கொஞ்சம் அடர்த்தியா, பார்க்க அமைதியா இருக்கும். "இங்கே அலையே இல்லையே, பிள்ளைங்களை இங்கே விடலாம்"னு நாம தேர்ந்தெடுப்பது சரியா அந்த இடத்தைத்தான்!

இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீங்க. எவ்வளவு பெரிய நீச்சல்காரரும் சோர்ந்துடுவார். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்திக் காட்டுங்க. முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்க. அந்த ஓட்டம் அகலம் குறைந்தது. அதைத் தாண்டிட்டா அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும். கரையில் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஒருவரைக் காப்பாற்ற நாலு பேர் கை கோத்து இறங்காதீங்க. மிதக்கிற பொருளைத் தூக்கிப் போடுங்க. காரில் மூடி போட்ட காலி ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் இருக்கும் இல்லையா? அது ஒருவரை மிதக்க வைக்கும். இன்னொருத்தர் அதே நேரத்தில் 112-க்கு அடிக்கணும். மீட்டு வந்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற சினிமா வேலை வேண்டாம். மூச்சு இருக்கான்னு பார்த்து உடனே 108-ஐக் கூப்பிடுங்க, அவங்க போனில் சொல்வதைச் செய்யுங்க.

பயமுறுத்திட்டேனோ? சரி, இனி ஊர் சுற்றலாம்.

ராமேஸ்வரம் போகிற எல்லோரும் தனுஷ்கோடிக்குப் போவாங்க. பலர் எப்படிப் போறாங்கன்னா, மத்தியானம் சாப்பிட்டுட்டு, உச்சி வெயிலில், அரிச்சல்முனையில் ஒரு செல்ஃபி, திரும்பி வந்தாச்சு. நிழலுக்கு ஒரு மரம் இல்லாத இடம் அது. காலை ஆறரை, ஏழுக்குக் கிளம்புங்க. ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். வழியில் கோதண்டராமர் கோயில் வரும். சுற்றிலும் சேறும் தண்ணீருமா ஒரு பெரிய உப்பங்கழி. பனிக்காலம் முடிகிற வேளை, ஜனவரியிலிருந்து மார்ச் வரை போனீங்கன்னா, அங்கே பூநாரைகள் கூட்டமா நிற்கும். வண்டியை ஓரமா நிறுத்தி, இறங்கி, சத்தம் போடாம பாருங்க. பறக்கிற படம் வேணும்னு கல்லெறிகிறவங்களையும் பார்த்திருக்கேன். பல ஊர் தாண்டி இரை தேடி வந்த பறவைங்க அது, நம்ம வீடியோவுக்காக வரலை.

தனுஷ்கோடியில் இறங்கினால் இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் அந்த ஊரை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அதன்மேல் ஏறியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தாங்க. ரயிலில் இருந்த யாரும் பிழைக்கலை. அதுக்கு முன்னால் அது துறைமுக ஊர். இங்கிருந்து கப்பல் ஏறித் தலைமன்னாருக்குப் போவாங்க. உங்க தாத்தா பாட்டி யாராவது அந்தக் கப்பலில் போயிருந்தால், கிளம்பும் முன் அவங்களைப் பேசவிட்டுக் கேளுங்க, போனிலேயே பதிவு பண்ணிக்கோங்க. அந்தச் சுவர்கள் முன்னால் நின்று பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டினால், எந்த வழிகாட்டியும் தேவைப்படாது.

இன்னொன்றும் பிள்ளைகளுக்குக் காட்டுங்க. இரண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவில் மணல். ஆனா அந்த மணலில் சில அடி தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறும். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருப்பதுதான் அது. அங்கே குடிசை போட்டு வாழும் மீனவக் குடும்பங்களுக்கு அந்த ஊற்றுதான் ஆதாரம். ஊற்றுக்குள் காலை வைக்காதீங்க, குப்பை போடாதீங்க. சிரட்டையில் மொண்டு குடத்தை நிரப்ப ஒரு அம்மாவுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு நின்று பார்த்தால் உங்களுக்கே போட மனசு வராது.

அரிச்சல்முனை, இரண்டு கடலும் சேரும் இடம். அழகு என்பதில் சந்தேகமே இல்லை. குளிக்க மட்டும் கூடாது. இரண்டு பக்க ஓட்டமும் அங்கே சந்திக்குது, மணல் நாளுக்கு நாள் இடம் மாறுது. நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடம் இன்று எப்படி இருக்கும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. எச்சரிக்கைப் பலகை சும்மா வைக்கலை. மாலைக்கு மேல் அந்தப் பக்கம் இருக்கவும் விடமாட்டாங்க. பொழுது சாயும் முன் திரும்பிடுங்க. செல்போன் விஷயம் ஒன்று: தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். சில நேரம் உங்க போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடிச்சு "வெளிநாட்டுக்கு நல்வரவு"ன்னு குறுஞ்செய்தி காட்டும். பாஸ்போர்ட் இல்லாம வெளிநாடு போன சந்தோஷம் சரிதான், ஆனா ரோமிங்கை அணைத்து வைங்க. சிக்னல் விட்டு விட்டு வருவதால் கொஞ்சம் சில்லறையும் கையில் இருக்கட்டும். எல்லா இடத்திலும் கியூஆர் கோடு கைகொடுக்காது.

பிள்ளைங்க தண்ணீரில் விளையாடியே தீரணும்னா? கச்சான் காலத்தில் வடகடல் பக்கம் மண்டபத்துக்கு அருகில் அரியமான் கடற்கரை. சவுக்குத் தோப்பு நிழல் இருக்கு, தண்ணீர் தூரம் வரைக்கும் ஆழம் குறைவு. அப்பவும் பெரியவர் ஒருத்தர் கையெட்டும் தூரத்தில் நிற்கணும். போன் பார்க்காமல் நிற்கணும். சொறிமீன் பட்டு எரிஞ்சா கையால் தேய்க்காதீங்க, நல்ல தண்ணீர் ஊற்றாதீங்க. கடல் தண்ணீராலேயே கழுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. அக்னி தீர்த்தத்தில் நீராடுகிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்: உடுத்திய துணியைக் கடலில் விட்டுட்டு வராதீங்க. அடுத்து இறங்கும் பாட்டியின் காலில்தான் அது சுற்றும்.

பாம்பன் பாலத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறக்கப்பட்டது. 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கப்பல் வரும்போது நடுவில் உள்ள 72.5 மீட்டர் பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கும். பழைய பாலம் இரண்டு கையா விரிஞ்சுது, இது மேலே எழும். கார்ப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, நடுரோட்டில் படம் எடுக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுடுங்க; பின்னால் வருவது பஸ். பாலத்தை அனுபவிக்க நல்ல வழி ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போவதுதான். டிக்கெட்டைச் செல்போனிலேயே எடுத்துடலாம்.

பாம்பனுக்குத் தெற்கே குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று, வெளிநாட்டுப் பயணம் முடிந்து வந்த விவேகானந்தர் கரை இறங்கிய இடம். நினைவு மண்டபம் இருக்கு. அங்கிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையின் படகுப் பயணம் உண்டு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இப்படி 21 தீவுகள், எல்லாம் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறையும் கடல் புல்லும் உள்ள இடம். கடல்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். உள்ளூரில் அதுக்கு ஆவுளியான்னு பேர். வனத்துறை அனுமதி இல்லாம வேற தீவில் இறங்கக் கூடாது. "நான் கொண்டு போய் விடறேன், யாருக்கும் தெரியாது"ன்னு யாராவது தனியாக் கூப்பிட்டால் போகாதீங்க. காற்று பலமா இருந்தா வனத்துறையே படகை நிறுத்திடும், அதனால் அன்றைக்கு உண்டான்னு முதலில் கேட்டுக்கோங்க. லைஃப் ஜாக்கெட்டை வாங்கிப் பிடிச்சுக்கிட்டு உட்காருவதில் பிரயோஜனம் இல்லை. பட்டியை இழுத்துக் கட்டணும். பிள்ளைங்க அளவுக்கு ஜாக்கெட் இல்லைன்னா அந்தப் படகு உங்களுக்கு இல்லை.

ஒரு நாள் கூடுதலா இருந்தால், தேவிபட்டினம் தாண்டித் தொண்டி போகும் வழியில் காரங்காடு. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம், துடுப்புப் படகும் உண்டு. நீங்க கொடுக்கிற பணம் ஊர்க்காரங்களுக்கே போகுது. என்னைக் கேட்டால் இந்த மாவட்டத்தில் கூட்டமில்லாமல் கடலைப் பார்க்க இதுதான் சிறந்த இடம்.

சாப்பாடு. கோடை விடுமுறைக்குப் போறவங்க ஒன்றைத் தெரிஞ்சுக்கணும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மட்டும் போகும். மீன் குறையும், விலை ஏறும். "ராமேஸ்வரம் வந்து மீனுக்கு இவ்வளவா?"ன்னு கடைக்காரரிடம் சண்டை போடாதீங்க. மீன் முட்டையிட்டுப் பெருகத்தான் இந்த ஓய்வு. அன்றைக்கு நாட்டுப்படகில் என்ன வந்ததுன்னு கேட்டு அதைச் சாப்பிடுங்க. நண்டோ, கணவாயோ, காரலோ. சினை நண்டு வேண்டாம்னு சொல்லிப் பழகுங்க.

அந்தக் கரையில் பாசி எடுக்கும் பெண்களையும் பார்க்கலாம். விரலில் துணி சுற்றிக்கிட்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடிச்சு முங்கிக் கடல்பாசி பறிக்கிறவங்க. கடல் பெருக வேண்டும்னு தடைக்காலத்தில் தாங்களாகவே பறிப்பதை நிறுத்தி வைக்கிறவங்களும் இவங்கதான். கேட்டுட்டுப் படம் எடுங்க.

கடைசியா, வாங்கிட்டு வருவது. சங்கு, சிப்பி மாலை, கிளிஞ்சல் பொம்மை என்று கடைங்க நிறைய. பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல்குதிரை, கடல் விசிறி யாராவது மறைச்சு வைச்சு விற்றால் தொடவே தொடாதீங்க. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். கரையில் ஒதுங்கிக் கிடந்ததுன்னு பவளத்தைப் பையில் போட்டுக்கிட்டாலும் அதேதான். பனை ஓலைப் பெட்டி வாங்குங்க, கருப்பட்டி வாங்குங்க. ராமநாதபுரம் பனைக்கும் பேர் போன மாவட்டம்தான். வலையில் சிக்கிய ஆமையோ, கரை ஒதுங்கிய கடல்பசுவோ கண்ணில் பட்டால் சுற்றி நின்று படம் எடுக்காமல், இருக்கும் இடத்தை மேப்பில் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்க.

இப்போ போனைக் கையில் எடுங்க. இந்த எண்களைப் பதிவு பண்ணிட்டு அடுத்த பக்கம் போகலாம். எந்த அவசரத்துக்கும் 112. ஆம்புலன்ஸ் 108. கடற்கரையில் சந்தேகத்துக்கு இடமான எதையாவது பார்த்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கடலுக்குள் படகில் இருக்கும்போது ஆபத்துன்னா கடலோரக் காவல்படை 1554. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. வேறு மாவட்டத்து சிம்மிலிருந்து அடித்தால் ராமநாதபுரத்தின் எஸ்டிடி எண் 04567-ஐ முன்னால் சேர்க்கணும். சின்னப் பிள்ளைங்க இருந்தால் உங்க எண்ணைப் பேனாவால் அவங்க கையில் எழுதி விடுங்க. வீட்டில் ஒருத்தர் போன் மட்டுமாவது முழு சார்ஜோட, தண்ணீர் படாத பையில், கரையில் இருக்கட்டும். அந்தப் போனை வைத்திருக்கிறவர் அன்றைக்குக் கடலில் இறங்க வேண்டாம். மறுநாள் அவர் முறை.